மூன்றாவது ஸ்கேன்

"கொலைகாரி!"

கத்தியபடி நுழைந்தான் குமரவேல். பின்னால் இன்ஸ்பெக்டர் எழில். அவருக்கும் பின்னால், சக்கர நாற்காலியில் முகம் வீங்கிய அவன் பெரியப்பா துரைராஜ்.

தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு டாக்டர் ஜெயஸ்ரீதான் பொறுப்பு. எழுந்து நின்றாள்.

"நேத்து சி.டி. ஸ்கேன்ல படம் தெளிவா விழ சாய ஊசி போட்டீங்க. இன்னிக்கு என் பெரியப்பாவுக்கு ஒண்ணுக்கே வரல! கிட்னியைக் காலி பண்ணிட்டீங்க!"

எழில் தாடையைச் சொறிந்தார். "ரத்த ரிப்போர்ட் நார்மல்னு இருக்கே?"

"ரத்தம் லேட்டாதான் சொல்லும் சார். எங்க புது எம்.ஆர்.ஐ. முன்னாடியே காட்டிடும். அதுக்கு ஊசியும் வேணாம்."

"எடுங்க! நீங்க மாட்டுறதை நானும் பார்க்கணும்!" என்றான் குமரவேல்.

எடுத்தார்கள்.

திரையில் இரண்டு கிட்னிகள். இரண்டிலும் திட்டுத் திட்டாய்க் கருமை!

"அடி பட்டிருக்கு," ஜெயஸ்ரீயே சொன்னாள். "சாய ஊசியால பட்டாலும் இப்படித்தான் இருக்கும்."

"உங்க மெஷினே உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சே மேடம். ஜீப் வெளிய நிக்குது..." என்றார் எழில்.

துரைராஜுக்கு ஜெயஸ்ரீ ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். காப்பாற்றினால் ஜெயில்.

"ஐயா... சொல்லிடவா?"

"வாணாம்மா..." துரைராஜ் நெளிந்தார். ஜீப்பைப் பார்த்தார். "சரி, சொல்லு."

"நான் ஊசியே போடல சார். வெறும் வயித்துல வரச் சொல்லியிருந்தோம். ஐயா கீழ டீக்கடையில வடை சாப்பிட்டுட்டார். அதனால வெறும் படம்தான் எடுத்தேன். குமரவேல்கிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சினார்."

"ரெண்டே வடை சார்," என்றார் துரைராஜ். "இவன் திட்டுவான்."



"அப்ப கிட்னியில அடி எப்படி?" என்றார் எழில்.

"இதுக்கு முன்ன ஊரப்பாக்கத்துல ஒரு ஸ்கேன், மேடவாக்கத்துல ஒண்ணு... அடுத்தடுத்து இட்டுகினு போனான் சார். பாடி செக்கப்பாம்! அங்கெல்லாம் ஊசி ஏறுனதும் ஒடம்பு பூரா குப்புனு சூடாச்சு. இங்க ஒண்ணுமே ஆவல," என்றார் துரைராஜ்.

ஜெயஸ்ரீ திரும்பினாள். "இதுதான் முதல் ஸ்கேன்னு எங்கிட்ட சொன்னீங்களே குமரவேல்?"

குமரவேல் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"உங்க நிலமெல்லாம் யாருக்குப் பெரியவரே?" எழில் கேட்டார்.

"எனக்கப்பறம் இவனுக்குத்தான்."

எழிலின் கை குமரவேலின் தோளில் விழுந்தது.

"மூணாவது ஊசியும் ஏறியிருந்தா?"

"ரெண்டு கிட்னியும் போயிருக்கும். இப்ப அட்மிட் பண்ணா தேத்திடலாம்," என்றாள் ஜெயஸ்ரீ.

எழில் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

"கீழ இருக்கிற டீக்கடைக்காரரைச் சாட்சிக்கு வரச் சொல்லுங்க... கையை வீசிக்கிட்டு வர வேணாம், ரெண்டு வடையோட வரணும்னும் சொல்லுங்க!"