தாளில் இன்னொரு துடிப்பு

"அங்கையே நில்லுங்கோ. உந்த ஈரக்கையோடை வயரைத் தொட்டால் நானும் நீங்களும் சேர்ந்துதான் போவம்."

"எங்கை?" என்றான் வாசலில் நின்றவன்.

ஐப்பசி மழை அவனோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டிருந்தது. தலைமயிரிலிருந்து சொட்டிய தண்ணீர் மெஷின் வரைக்கும் ஓடியது. பத்மாசினிக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அதிலும் இப்படிச் சிரித்துக்கொண்டு கேட்கிறவனைக் கண்டால்... துவாயைத் தூக்கி எறிந்தாள்.

யாழ்ப்பாண நகரில் டொக்டர் நமசிவாயத்தின் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுப்பவள் அவள். கை கால்களில் தகடுகளைக் கட்டுவாள். இதயம் துடிப்பதை மெஷின் கட்டத்தாளில் வரைந்து தள்ளும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் எத்தனை சிறு கட்டம் என்று கவராயத்தால் அளந்து எழுதிக் கொடுப்பாள். மெஷின் சரியா என்று பார்க்கத் தினமும் காலையில் தன் கையிலேயே கட்டி ஒரு துண்டு எடுப்பாள். அவளுடைய அளவு இருபது கட்டம். மூன்று வருஷமாக அதே இருபது. அளவில் பிழை விட்டதேயில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வந்தவன் பெயர் தியாகலிங்கம். காங்கேசன்துறைக் கடற்கரையில் வீடு. சரக்குக் கப்பலொன்றில் வேலை கிடைத்திருந்தது. இதயம் நல்லது என்று டொக்டர் கடிதம் தந்தால் அடுத்த மாதம் ஏறலாம்.

அவன் கட்டிலில் படுத்தபோதுதான் அந்த மானக்கேடு நடந்தது. உக்கிப்போயிருந்த ரப்பர் பட்டிகளில் கைக்குரிய இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கொழும்பிலிருந்து புதுப் பட்டி வரட்டும் என்று அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் தோற்க அவளுக்கு மனமில்லை. தாளை ஓடவிட்டாள். இரண்டு தகடுகளையும் அவன் மணிக்கட்டுகளில் வைத்து, தன் வெறுங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம்தான். அவள் தாளைப் பார்த்திருக்க வேண்டும்... அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். தூரத்தையே பார்த்துப் பழகிய கண்கள். கிட்ட நிற்பவளை எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் அவை தடுமாறின. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டேயிருந்தது.

அவனை வெளி வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தாளை மேசையில் விரித்தாள்.

பெரிய துடிப்புகள் இருபத்தைந்து கட்டத்துக்கு ஒன்றாக ஒழுங்காகப் போயின. அவற்றுக்கு நடுவே சின்னதாய் இன்னொரு துடிப்பு... பதினைந்து கட்டத்துக்கு ஒன்று. பெரியதை அது சட்டை செய்யவில்லை. சில இடத்தில் முந்தியது, சில இடத்தில் அதன் மேலேயே ஏறி நடந்தது. ஒரே நெஞ்சுக்குள் இரண்டு பேர் இருப்பது போல... கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் அளந்தாள். அதே பதினைந்து.

முப்பது வருஷத்தில் இப்படியொன்று கண்டதில்லை என்றார் டொக்டர். நெஞ்சில் இரண்டு துடிப்புத் தெரிகிறது, புதுப் பட்டி வந்ததும் திரும்ப எடுப்போம், அதுவரை கடிதமில்லை என்று அவனிடமும் சொல்லி அனுப்பினார். பட்டி எப்போது அறுந்தது என்று கேட்டபோது, எடுத்து முடிந்த பிறகு என்று பத்மாசினி பொய் சொன்னாள். அந்நியன் ஒருவனின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை இணுவிலில் இருக்கும் அம்மாவின் காதுக்குப் போனால் என்னாவது...

பத்து நாள் கழித்து அவன் மீண்டும் வந்தான். கடிதம் வேண்டாம் என்றான். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பில்லை. வேறொரு சிரிப்பு இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அது நாகலிங்கம், மிஸி. என்ரை தம்பி."

மூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்றிலிருந்து படுக்கையிலேயே கிடந்த தாய் பூரணம், டொக்டர் சொன்னதைக் கேட்டதும் எழும்பி உட்கார்ந்துவிட்டாளாம்.

"மத்தியானத்திலை என்ரை நெஞ்சிலை காதை வைச்சு அவனோடை கதைக்கிறா. இப்பதான் அம்மா வடிவாச் சோறு தின்னுறா."

கடல் கொண்டுபோனவனைத் திரும்பவும் கடலுக்குக் கொண்டுபோகத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் புதுப் பட்டிகள் வந்தன. பத்மாசினி வழக்கம்போலத் தன் கையில் கட்டி ஒரு துண்டு எடுத்தாள். அதே இருபது கட்டம். கவராயத்தைக் கீழே வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். அவளுடைய ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் நகத்தால் கீறியதுபோல ஒரு சிறு வெட்டு. மூன்று வருஷமாகப் பார்க்கும் வெட்டு. அதை யாரும் அளக்கச் சொன்னதில்லை, அதனால் அவளும் பொருட்படுத்தியதில்லை.

அலுமாரியிலிருந்து தியாகலிங்கத்தின் தாளை எடுத்தாள். அந்தச் சின்னத் துடிப்பு ஒவ்வொன்றின் தலையிலும் அதே வெட்டு இருந்தது.

அவன் நெஞ்சுக்குள் நடந்தது செத்தவன் இல்லை. தகட்டைத் தொட்டிருந்த கைகள் வழியே அவள்தான் அந்தத் தாளுக்குள் போயிருக்கிறாள். துடிப்புக்குத் துடிப்பு தூரம் மட்டும் குறைந்திருக்கிறது, நெஞ்சு வேகமாக ஓடியிருக்கிறது. இருபது எப்படிப் பதினைந்தாயிற்று என்று யோசித்தவளுக்கு முகம் சூடேறியது.

டொக்டரிடம் உண்மையைச் சொல்லி, நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு, மத்தியான ரயிலில் காங்கேசன்துறைக்குப் போனாள்.

வீட்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே தியாகலிங்கம் பாயில் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சில் காதை வைத்தபடி தாய். பக்கத்தில் சோறு போட்ட கோப்பைகள் மூன்று.

"குளிருதோ, மோனை?" என்று அவள் கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வந்ததுபோலத் தலையை ஆட்டினாள்.

பத்மாசினி கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். பேசாமல் திரும்பிப் போய்விட்டால் இந்தத் தாய்க்குப் பிள்ளை மிஞ்சுவான். ஆனால் உயிரோடிருக்கும் பிள்ளை இந்தப் பாயிலேயே கிடந்துவிடுவான்... உள்ளே போய் இரண்டு தாள்களையும் அவன் முன்னால் விரித்தாள்.

"அது உங்கடை தம்பியின்ரை இல்லை. என்ரை. அண்டைக்குப் பட்டி அறுந்ததாலை வெறுங்கையாலை பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஆருக்கும் சொல்லேல்லை. வெட்கமாய் இருந்தது."

அவன் விரலால் வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பூரணம் அழவில்லை. தாள்களின் ஓரத்தில் அவள் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு அவன் தலை நிமிராமலே கேட்டான்.

"ரெண்டும் உங்கடை எண்டால், இதிலை இருபது... என்ரை தாளிலை மட்டும் ஏன் பதினைஞ்சு?"

அப்போது பூரணம் எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் பத்மாசினியின் நெஞ்சில் காதை வைத்தாள். காது குளிர்ந்திருந்தது.

"ஓம்... இதுதான்" என்றாள் பூரணம் மெல்ல. "ஓடி ஓடி அடிக்குது. பயமோ, பிள்ளை?"

"இல்லை, அம்மா." பத்மாசினி அவனைப் பார்த்தாள். "அண்டைக்கும் பயத்திலை இல்லை."

அவன் கண்கள் இந்த முறை தடுமாறவில்லை.

"நாளைக்கு வாறன், மிஸி. பட்டியாலையே எடுங்கோ, கப்பலுக்குப் போகவேணும்... கையைத் திரும்பி வந்து பிடிக்கிறன்."

பூரணம் காதை எடுத்தாள். மூன்றாவது கோப்பையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பத்மாசினியின் பக்கம் நகர்த்தி வைத்து, சோறு ஆறுது, இருந்து சாப்பிடு என்றாள்.