பக்கத்துத் தடத்துக்குப் போன பந்து

பந்து கையை விட்டுப் போனதுமே நோரீனுக்குத் தெரிந்துவிட்டது... பக்கம் மாற்றிப் பிடித்துவிட்டாள்!

புல்தரையில் உருட்டும் இந்த ஆட்டத்தில், ஒருபுறம் கனமான பந்தின் சின்ன முத்திரை உள்பக்கம் இருந்தால்தான் அது வளைந்து போய் இலக்கான வெள்ளைக் குட்டிப் பந்தின் அருகே நிற்கும். வெளிப்பக்கம் இருந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இதுவும் கிளம்பியது. புல்தரையில் சாவகாசமாக வளைந்து, பக்கத்துத் தடத்துக்குள் நுழைந்து, அங்கே குனிந்து பந்துகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்த நெட்டை மனிதரின் வெள்ளைக் காலணியில் 'டொக்'கென்று இடித்தது.

"அம்மாடி! பந்தா, பாறாங்கல்லா?" நிமிர்ந்தார். மழைக்கு முந்தைய கடல் மாதிரி சாம்பல் நிறக் கண்கள்... கோபத்தைக் காணோம், குறும்புதான் இருந்தது. "என்னைப் பார்க்கணும்னா நேரா வந்திருக்கலாமே! பந்தை எதுக்குத் தூது அனுப்புறீங்க?"

"ஆசைதான்! உங்க காலை யாரு நடுவுல கொண்டுவந்து வைக்கச் சொன்னா?"

"என் தடத்துலதாங்க வச்சிருக்கேன்!"

யாம்பா ஊரின் பந்துருட்டும் கிளப்பில் பக்கம் மாற்றி உருட்டியவர்தான் எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும். போட்டாள். அவர் பெயர் கிளெம். முப்பது வருஷம் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டியவர், கிளப்புக்குப் புதியவர். கோப்பையை வாங்கும்போது விரல் பட்டது... எழுபத்தொரு வயதில் இப்படியா மனசு குதிக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பந்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். ஒன்றுகூட மாறியதில்லை. அம்மாவுக்கும் இதே வயதில், இப்படிக் கவனம் தப்பித்தான் மறதி நோய் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற மகளைப் பார்த்தே 'நீ யாரம்மா?' என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாயும் பந்து பக்கம் மாறியது. அதற்கடுத்த செவ்வாயும்!

"உங்க தேநீர் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக வாராவாரமா?" என்று சிரித்த கிளெம், கோப்பையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "என் மனைவிக்குக் கடைசி ஆறு வருஷம் என்னை யாருன்னே தெரியல. தினமும் காலைல புதுசா அறிமுகம் பண்ணிக்குவேன்."

நோரீன் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த மனுஷனுக்கு இன்னொரு முறையா? கூடாது... கூடவே கூடாது.

டாக்டரிடம் போனாள். மறதி நோய்க்கான சோதனை: திரையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று வந்தால் மட்டும் பொத்தானை அழுத்தக் கூடாது. மனம் எங்கோ போயிற்று. மூன்றுக்கும் அழுத்தினாள், ஒரு முறையல்ல, பல முறை. முடிவு வெள்ளிக்கிழமை என்றார்கள்.

செவ்வாயன்று கிளப்பில் தன் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்து, இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், மழை. கார்க் கதவைத் திறந்தவளைக் கிளெம் குடையோடு மறித்தார்.

"சொல்லாம கொள்ளாம எங்க ஓடுறீங்க?"

"எங்க அம்மா மாதிரி எனக்கும் மறதி வியாதி வருதோன்னு பயமா இருக்கு. டெஸ்ட் எடுத்திருக்கேன், அதுலயும் மனசு எங்கேயோ போய் தப்புத் தப்பாப் பண்ணிட்டேன். உங்களை மறுபடியும் அந்த ஆறு வருஷத்துல தள்ள மாட்டேன். அவ்வளவுதான்... வழி விடுங்க."

அவரும் பயந்துதான் போனார். ஆனால் நகரவில்லை.

"அதை நானில்ல முடிவு பண்ணணும்? சரி, டெஸ்ட்ல மனசு எங்க போச்சு?"

"வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரட்டும். நல்லதா வந்தா சொல்றேன்."

"வேணாம் நோரீன், இப்பவே சொல்லு. அப்புறம் சொன்னா அது டாக்டர் குடுத்த அனுமதி. எனக்கு உன் வாயால வேணும்."

எப்போது 'நீ' ஆனாள்? கன்னம் சுட்டது. பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்தோடே பேசினாள்.

"உன்கிட்டதான் போச்சு. முதல் தடவை அம்மாவை நினைச்சுட்டிருந்தேன். மத்த ரெண்டு தடவையும் பந்தைப் பிடிச்சுக்கிட்டு உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன். டெஸ்ட்லயும் எண் ஒண்ணும் கண்ணுல விழல... உன் முகம்தான். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, கிளெம். ஒருவேளை எல்லாம் மறந்துபோச்சுன்னா... அதுக்கு முன்னாடி இதை நானே சொல்லிடணும்."