தகரத்தில் பிடித்த வெயில்

நீலாவதிக்குப் பத்து வயது. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளிடம் மாட்டாமல் தப்பித்தவர்கள் குறைவு. அன்று மாட்டியவர் காதர் மைதீன்.

சண்டைக்கு முன்னால் காதர் மைதீன் காடு மேடெல்லாம் அலைந்து பறவைகளையும் ஆறுகளையும் படம் பிடித்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு படச்சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கோலா சாவா பக்கம் ஒரு மரப்பொந்தில் இருவாட்சிப் பறவை குடியிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் கேமராவைச் சாக்குப்பையில் மறைத்துக்கொண்டு தோட்டத்து வழியே நடந்துகொண்டிருந்தார்.

நீலாவதியின் அம்மா செல்லம் ஓடிப்போய் அவரை நிறுத்தினாள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரை ஒரு படம் எடுத்துக் குடுங்கண்ணே. மத்தியானம் லாரி வருது. சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிட்டுப் போறாங்க. எப்பத் திரும்புவாரோ தெரியல. சின்னவனுக்கு அப்பா மொகமே மறந்து போயிடும்.”

சின்னவன் அர்ச்சுனனுக்கு ஒரு வயது. நீலாவதியின் இடுப்பில் உட்கார்ந்து அவள் காதை இழுத்துக்கொண்டிருந்தான். அம்மா சொன்னதைக் கேட்டதும் நீலாவதிக்குக் காது வலித்ததுகூடத் தெரியவில்லை.

காதர் மைதீன் சாக்குப்பையைத் தடவிக்கொண்டார். “ஒரே ஒரு படத்துக்குத்தாம்மா சுருள் மிச்சம். எட்டு மாசமா அந்தப் பறவைக்குன்னு வச்சிருந்தேன்.” பிறகு சிரித்தார். “சரி, பறவை எங்க போயிடப் போவுது? மாயாண்டியக் கூப்பிடு.”

அப்பா மாயாண்டி தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, லயத்து வீட்டு வரிசையின் முற்றத்தில் விறைப்பாக நின்றார். காதர் மைதீன் கேமராவுக்குள் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஏன் மாமா? நல்லாத்தானே வெயில் அடிக்குது?” என்றாள் நீலாவதி.

“அதான் புள்ள தொல்லை. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு இருக்கிற எடம் கறுப்பாப் போயிடும். காட்டுல நான் காலையிலயும் சாயங்காலமும்தான் எடுப்பேன். அப்ப வெயில் சாஞ்சு வந்து மொகத்துல படும்.”

“அப்ப சாயங்காலம் எடுங்களேன்.”

“சாயங்காலம் உங்கப்பா எங்க இருப்பாரு?”

நீலாவதி தம்பியை இடுப்பிலிருந்து இறக்கி அப்பாவின் கையில் கொடுத்தாள்.

எல்லோரும் வீட்டு வாசல் கூரைக்கு அடியில் போனார்கள். அங்கே நிழல் நன்றாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

“இங்க வெளிச்சம் பத்தாது. மூணு எண்ணுற வரைக்கும் கேமராவோட கண்ணைத் தொறந்து வைக்கணும். அதுவரைக்கும் யாரும் அசையக்கூடாது. அசைஞ்சா மொகம் கலங்கிடும்.”

எல்லோரும் அர்ச்சுனனைப் பார்த்தார்கள். அவன் அப்பாவின் சட்டைப் பித்தானைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான்.

“இவனா? மூணு எண்ணுறதுக்குள்ள மூணு ஊரு போயிட்டு வருவான்லா,” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்குள் அர்ச்சுனன் அப்பாவின் கையிலிருந்து நழுவித் தவழ்ந்து ஓடினான். கூரை ஓரத்தில், வெயிலில், ஒரு பழைய தகரம் கிடந்தது. நீலாவதி காலையில் மரவள்ளிக்கிழங்கு மாவைக் கரைத்து அதில் தடவிக் காயவைத்திருந்தாள். மாவு தகரத்தோடு ஒட்டி வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது.

தம்பியைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். அவன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது! கன்னம், மூக்கு, கண்ணின் இமைமயிர்கூடத் தெரிந்தது.

அவள் அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தாள். முகம் மங்கியது. திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி பளிச்சென்றது. அர்ச்சுனன் இதை விளையாட்டு என்று நினைத்துக் கெக்கலித்தான்.

“மாமா! வெயில் கீழ இருந்து வந்தாப் பரவாயில்லையா?”

“கீழ இருந்து எப்படிப் புள்ள வரும்?”

நீலாவதி தகரத்தைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தாள். மாவில் பட்ட வெயில் திரும்பிப் போய் அப்பாவின் முகத்தில் விழுந்தது. இருட்டில் இருந்த கண்கள் இரண்டும் மின்னின.

காதர் மைதீன் கேமராவுக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார். “அட! மூணு எண்ண வேணாம். கண்ணு சிமிட்டுற நேரம் போதும்! இத்தனை வருசம் காட்டுல சுத்துனேன், இது எனக்குத் தோணலையே!”

தகரத்தை நிறுத்தி வைக்கக் கல் முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். சரிந்து சரிந்து விழுந்தது. பிடித்துக்கொள்ளவும் ஆள் இல்லை; அக்கம்பக்கத்தார் எல்லாம் கிழங்குத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

“நானே பிடிச்சுக்கிறேன்,” என்றாள் நீலாவதி.

அப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீயும் வாம்மா, அப்பா பக்கத்துல உக்காரு,” என்று நீலாவதியை அழைத்தார் அப்பா.

“நான் வந்தா வெளிச்சம் போயிடும்ப்பா.”

நீலாவதி படத்துக்குள் விழாதபடி ஓரமாகக் குந்தி, தகரத்தைச் சாய்த்துப் பிடித்தாள். மாவுத்தூள் மூக்கில் உதிர்ந்து தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“எல்லாரும் இங்க பாருங்க!” என்றார் காதர் மைதீன். கேமரா ‘டிக்’ என்றது. அதன் பிறகுதான் அவள் தும்மினாள்.

மத்தியானம் லாரி வந்தது. அப்பா ஏறிப் போனார். லாரி மறைந்த பிறகும் நீலாவதி வெகுநேரம் ரோட்டிலேயே நின்றாள்.

மூன்று வாரம் கழித்துக் காதர் மைதீன் படத்தோடு வந்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அம்மாவின் முகம், தம்பியின் இரண்டு பல், அப்பாவின் புருவத்துத் தழும்பு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அர்ச்சுனன் படத்தைப் பிடுங்கி, “ப்பா!” என்று கத்தினான்.

“ஒரே ஒரு கொறைதான்,” என்று தலையைச் சொறிந்தார் காதர் மைதீன். “மாயாண்டி கேமராவைப் பாக்கலை. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வேற எங்கயோ பாக்குறாரு.”

நீலாவதி படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்பா கொஞ்சம் இடதுபக்கம் திரும்பி, கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று யோசித்தாள். முதல்முறையாக அவளுக்கு யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வேற எங்கயும் இல்ல மாமா,” என்றாள். “என்னைத்தான் பாக்குறாரு.”