தாமதக் கூடம்

கோவைக்கும் வான்கூவருக்கும் நடுவே பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பயண நேரம் பதினொரு நிமிடம். அதில் பத்து நிமிடம் சோதனைக்காகப் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே போய்விடும். வேட்டியை மடித்தால் இரண்டு கரையும் ஒட்டிக்கொள்கிறதல்லவா, அப்படி வெளியையே மடித்து இரண்டு விமான நிலையங்களையும் ஒட்டிவிட்டார்கள். மடிவழி என்று பெயர். விஞ்ஞானம் தூரத்தை ஒழித்துவிட்டது. மனுஷன் சும்மா இருப்பானா?

"இவ்வளவு தூரத்துல இருந்து எப்படி வர்றது?" என்ற ஒரே சாக்கில் காலத்தை ஓட்டியவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம் முதல் அக்கா மகள் காதுகுத்து வரை எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டியதாயிற்று. விடுவார்களா? மடிவழி வாசலுக்குப் பக்கத்திலேயே தாமதக் கூடம் முளைத்தது. இருபத்திரண்டு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடக்கலாம். சட்டையைக் கசக்கித் தருவார்கள், கண்ணுக்குக் கீழே கருவளையம் பூசுவார்கள். மடிவழி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, பழைய விமானத்தில்தான் வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வான்கூவரில் தரணிதரன் அதன் நிரந்தர வாடிக்கையாளன். கோவையில் அவன் அம்மா வசந்தாமணிக்கு மறுநாள் இதய அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போனில் கேட்டது ஒன்றே ஒன்று.

"உள்ள கொண்டு போறதுக்கு முன்னால ஒருக்கா உன்ற மூஞ்சியப் பாத்தர்றேன் கண்ணு."

"கெளம்பிட்டேம்மா. ப்ளைட்டு வந்து சேர நேரமாகும்" என்றான் அந்த மகராசன்.

முன்கூட்டிப் போனால் கையெழுத்துப் போட வேண்டும், கண்விழிக்க வேண்டும், அழுகிறவளைத் தேற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றால் போதும். கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டான். த்தூ!

மறுநாள் கசங்கிய சட்டையோடு கோவை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். அம்மா பிழைத்துக் கண் விழித்திருந்தாள்.

"உசுரே போச்சும்மா. நடுவுல ரண்டு எடத்துல எறங்கி ஏறி..."

வசந்தாமணி கையை உயர்த்தி நிறுத்தினாள். குரல் எழும்பவில்லை, ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"நேத்து டாக்டர்கிட்டக் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிட்டு, ஒரு நர்சுப் புள்ளையத் தொணைக்குக் கூட்டிட்டு நானே அங்க வந்தேன். நீ ப்ளைட்டு ஏர்றதுக்குள்ள பாத்தரலாம்னு. மடிவழிதான, என்ன பெரிய தூரம்?"

தரணிதரனுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணுக்குக் கீழே பூசிய மை கன்னத்தில் வழிந்தது.

"வாசலத் தாண்டுனதுமே அந்தக் கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்லாத் தூங்கிட்டிருந்தே. எழுப்பட்டுங்களான்னு அந்தப் புள்ள கேட்டுது. அது நம்ம பையனில்ல அம்மணின்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."