சுற்றொத்திகையில் என்ன குறை?

செவ்வாயின் கீழைக்குவிமாட நகரில் நீதிமன்றத்துக்குள் போகிறவர்கள் வாசலிலேயே பிடரியிலிருந்து நினைவுச்சில்லைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், கோயிலில் செருப்பு விடுவதுபோல. ஜெசிந்தா கொடுத்தாள். அவளுக்கு முன்னால் வரிசையில் நின்ற மேலாளர் கோதண்டபாணியும் கொடுத்தார். இருவரும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்கள். வழக்கே அவர்கள் இருவருக்கும் இடையில்தான்.

'சுற்றொத்திகை' என்பது ஒரு மென்பொருள். மின்சுற்றைச் செய்வதற்கு முன்பே அது எப்படி ஓடும், எங்கே சூடேறும், எப்போது புகையும் என்று திரையில் காட்டிவிடும். நகரின் பிராணவாயு இயந்திரங்களெல்லாம் அதில் ஓடிப் பார்த்த பிறகு செய்யப்பட்டவைதான். ஒன்பது வருடம் உட்கார்ந்து எழுதியவள் ஜெசிந்தா. காப்புரிமைப் பத்திரத்தில் இருந்த பெயர் கோதண்டபாணி. இனி தான் எழுதியதில் ஒரு வரியைத் திருத்தவும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றானதும்தான் அவள் வழக்குப் போட்டாள்.

சில்லைப் படித்தால் உண்மை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் வேலை சுலபமாக நடக்கட்டும் என்று அவர்கள் அலுவலகத்தில் ஒருவர் நினைவு எல்லோருக்கும் பதிவாகும்படி எல்லோருடைய சில்லையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்த கணம் இருவர் சில்லிலும் இருந்தது. வரவேற்பறை ஊழியரின் சில்லிலும் அச்சுப் பிசகாமல் இருந்தது. அந்த நல்ல மனிதர் வழக்குப் போடாததே பெரிய விஷயம்.

நீதிபதி இருக்கையில் இருந்த நீதியந்திரம் சற்று யோசித்தது.

"சில்லில்லாத தலையோடு இருவரும் பதில் சொல்லுங்கள். இந்த மென்பொருளில் என்ன குறை?"

"குறையா?" கோதண்டபாணி நெஞ்சில் கை வைத்தார். "ஒண்ணுகூடக் கிடையாதுங்க. சொக்கத்தங்கம்!"

ஜெசிந்தா தலை குனிந்தாள். "குளிர் அதிகமானா மின்தேக்கிக் கணக்கு லேசாத் தப்புதுங்க. நாலாவது வருஷம் அவசரத்துல ஒரு ஒட்டுப் போட்டேன், இன்னும் சரி பண்ணல. அப்புறம்... சொல்லவே வெக்கமா இருக்கு..."

சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் அழுதேவிட்டாள்.

"எழுதியவருக்குத்தான் இத்தனை குறை தெரியும். காப்புரிமை ஜெசிந்தாவுக்கே" என்றது நீதியந்திரம்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் நகரசபை சுற்றொத்திகையைத் திருப்பி அனுப்பியது: உருவாக்கியவரே குறை இருப்பதாக ஒப்புக்கொண்டாராம். இத்தனை வருடமும் அதை நம்பித்தான் மூச்சு விட்டோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஜெசிந்தா இரவு பகலாகப் பாதிக் குறைகளைத் தீர்த்தாள். மீதிப் பாதியைப் பட்டியல் போட்டு நேர்மையாக அறிவித்தாள். மற்ற நகரங்களும் திருப்பி அனுப்பின.

வேறு வழியில்லாமல் கோதண்டபாணியைக் கூப்பிட்டாள். "சார், நீங்க ஒருதரம் வந்து சபையில பேசுங்க."

பெருந்தன்மையாக வந்தார். பேசினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுற்றொத்திகையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சபை கையெழுத்துப் போட்டுவிட்டது.

வெளியே வரும்போது சபைத்தலைவி ஜெசிந்தாவைத் தனியாக அழைத்தார்.

"அவரைப் பாத்துக் கத்துக்கங்கம்மா. தான் பெத்த பிள்ளை மாதிரி எப்படிப் பேசுறாரு! எனக்கென்னமோ அந்தத் தீர்ப்புலதான் ஏதோ தப்பு நடந்திருக்குன்னு தோணுது."