அமலோற்பவம் கட்டிய கணினி

செம்மேட்டில் மாலை நான்கரை மணிக்கு மேல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அந்த நேரத்தில்தான் அஞ்சல்கோள் என்ற செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேலே ஏறும். வியாழனின் நிலவுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் குரலும் முகமும் அதன் வழியாகத்தான் செவ்வாய்க்கு வந்து சேரும். ஆறரைக்கு அது மறைந்துவிடும். அந்த இரண்டு மணி நேரமும் குடியிருப்பின் நாலாயிரம் வீடுகளில் பெற்றோர் தலைவாரி, துவைத்த சட்டை போட்டு, கணினிக்கு முன்னால் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடித்தவர்களைப்போல உட்கார்ந்திருப்பார்கள்.

சவரிமுத்துவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தக்காளிக் கூடத்தில் பூக்களுக்கு மகரந்தம் தூவுவது அவர் வேலை. வாசலறையில் செந்தூசியை உறிஞ்சியெடுத்து, மூச்சுப்பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தவருக்கு விரல் நுனிகளில் இன்னும் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

நான்கு முப்பத்திரண்டுக்குத் திரையில் மகள் பிரகாசியின் முகம் தோன்றியது. "அம்மா, ஒரு முக்கியமான விஷயம்…" என்றாள். வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோனாள். பதினைந்து விநாடி அவள் மேல்பல் வரிசை மட்டும் தெரிந்தது. பிறகு திரை இருண்டது. பெட்டிக்குள் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு மீண்டும் சுழலத் தொடங்கியது. கணினி தன்னைத்தானே அணைத்து, தன்னைத்தானே எழுப்பிக்கொண்டது.

"போச்சு," என்றார் சவரிமுத்து.

அன்று மாலை அது இருபத்தோரு தடவை உறைந்தது. இருபத்தோரு தடவை எழுந்தது. இப்படி நாற்பது நாள் ஆகியிருந்தது. வியாழனின் நிலவான கனிமீடில் பனி துளைக்கும் நிலையத்தில் இருக்கும் மகளிடமிருந்து அந்த நாற்பது நாளில் அவர்களுக்குக் கிடைத்தது தினமும் அதே அரை வாக்கியம் மட்டுமே. அதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தே சவரிமுத்து மூன்று கிலோ இளைத்துவிட்டார்.

"உடம்புக்கு ஏதாச்சும் இருக்குமோ அமலி?"

"உடம்புக்குன்னா முகத்துல தெரியாதா? நல்லாத்தான் இருக்கா. கன்னத்துலகூட கொஞ்சம் சதை வச்சிருக்கு. சும்மா பயங்காட்டாதீங்க," என்றாள் மனைவி அமலோற்பவம். சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியைத் திருப்புளியால் மறுபடி இறுக்கினாள்.

அந்தக் கணினி அவள் தன் கையால் கட்டியது. குடியேற்ற ஆணையம் எல்லா வீட்டுக்கும் ஒரு கணினி கொடுத்திருந்தது. அதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. நான்கு பக்கமும் உருக்கி ஒட்டிய பெட்டி. அமலோற்பவம் தண்ணீர் மீட்பு நிலையத்தில் இருபத்தாறு வருடமாக பம்பு கழற்றி மாட்டுகிறவள். திறந்து பார்க்க முடியாத எதையும் அவளால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆணையத்தின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடைந்த தூசிவண்டி ஒன்றின் தாய்ப்பலகை, வானிலை பலூனில் இருந்த நினைவுச் சில்லுகள், பழைய பம்பின் மேல்மூடி என்று சேர்த்து இரண்டு வருடத்துக்கு முன் இதைக் கட்டினாள். ஆணையம் அரைமனதாகச் சம்மதித்தது. ஒரு நிபந்தனை: நாற்பத்தைந்து நாள் தொடர்ந்து கோளாறு செய்தால் வீட்டுக் கணினி பறிமுதல் ஆகும்.

நாற்பத்தோராம் நாள் காலையில் செப்பனி வந்துவிட்டது. செப்பனி என்பது ஆணையத்தின் பழுதுபார்க்கும் எந்திரன். இடுப்புயரம், நான்கு கை, பொறுமையான குரல்.

"வணக்கம் அம்மா. தங்கள் கணினி தொடர்ந்து உறைவதாகப் பதிவாகியுள்ளது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா?"

"அத அதுவே பண்ணிக்குது," என்றாள் அமலோற்பவம். "ஒரு நாளைக்கு இருபது தடவ."

செப்பனி நேராக நாலாம் பக்கத்துக்குப் போனது. அதன் கையேட்டில் முதல் மூன்று பக்கமும் அந்தக் கேள்விதான்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். மின்வழங்கியில் அழுத்தம் தடுமாறுகிறதா என்று பார்த்தார்கள், ஊசி அசையவில்லை. நினைவுச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டினார்கள். சூடேறுகிறதோ என்று விசிறியைத் துடைத்து, சிலந்திவலை போலப் படிந்திருந்த செந்தூசியை எடுத்தார்கள். தாய்ப்பலகையில் இளகியிருந்த இரண்டு பற்றவைப்புகளைச் செப்பனி தன் மூன்றாவது கையால் சரிசெய்தது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு உறுப்பு மாறியது. ஒவ்வொரு நாளும் மாலை நான்கு முப்பத்திரண்டுக்குக் கணினி உறைந்தது.

"எனக்கு வருத்தமாக இருக்கிறது அம்மா," என்றது செப்பனி நாற்பத்து நான்காம் நாள். "உறுப்புகள் எல்லாம் நலமாக உள்ளன. மொத்தம் மட்டும் நலமாக இல்லை. வீட்டில் கட்டுபவற்றில் இப்படி நேர்வதுண்டு."

"வீட்டுல கட்டுனா என்ன? ஒன்னைய மட்டும் மரத்துலயிருந்து பறிச்சாங்களாக்கும்?"

அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். ஆணையப் பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் பேசிச் சிரிக்கும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. தன் வீட்டில் மட்டும் மகள் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். தன்னுடைய வீம்பினால்தான் பிள்ளையோடு பேச முடியாமல் போயிற்றோ என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. அதை அவள் சவரிமுத்துவிடம் சொல்லவில்லை. அவரும் அதை நினைத்தார், அவரும் சொல்லவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் மாலை நாலே கால். அமலோற்பவம் கடைசியாக ஒரு காரியம் செய்தாள். மற்ற எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அலைவாங்கியின் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டாள். கணினியை இயக்கினாள். நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. விசிறி சீராக ஓடியது. திரையில் கடிகாரம் விநாடி தவறாமல் நகர்ந்தது.

"உறையல," என்றார் சவரிமுத்து மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

"கோளாறு உள்ள இல்ல," என்றாள் அமலோற்பவம். "வெளியிலேர்ந்து வருது."

கம்பியை நேராக மாட்டாமல், நடுவில் ஒரு சிறு வடிகட்டியை வைத்தாள். பம்புக்கு வரும் தண்ணீரில் மணல் இருக்கிறதா என்று பார்க்கக் குழாய் வாயில் துணி கட்டுவதைப் போலத்தான். வருகிற ஒவ்வொன்றையும் அது நிறுத்தி, பெயர் கேட்டு, ஒன்றொன்றாகத் திரையில் காட்டும். திரையில் ஒரு வரி வந்தது. 'இருக்கியா?' அடுத்த வரி. 'இருக்கியா?' அதற்கடுத்தது. 'இருக்கியா?'

ஒவ்வொரு கணினியிலும் அப்படிக் கேட்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மறுமுனைக் கணினி ஒரு வழியைத் திறந்து, 'இருக்கேன்' என்று தானாகப் பதில் சொல்லும். எழுபத்தேழு கோடி கிலோமீட்டர் போய் வர அதற்கு எண்பத்தாறு நிமிடம் ஆகும். ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எந்தக் கிரகத்திலும் யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

"எத்தனை இருக்கு?" என்றாள் அமலோற்பவம்.

"இன்றைய கணக்கில் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு," என்றது பக்கத்தில் நின்ற செப்பனி. "பகல் முழுவதும் மகளார் அழுத்தியவை அஞ்சல்கோளில் தேங்கி நிற்கின்றன. நாலரைக்கு அனைத்தும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. பதினோராயிரம் வழிகளைத் திறக்க முயன்று தங்கள் கணினி மூச்சுத்திணறி விழுகிறது. பதில் போகாததால் அவர் மேலும் அழுத்துகிறார். தங்கள் கணினியில் குறையேதும் இல்லை அம்மா. என் மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

அமலோற்பவம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "பாருங்க ஒங்க பொண்ண! ஒரு பொறுமை உண்டா? பதினோராயிரம் தடவ! அப்படியே ஒங்க ரத்தம்."

சவரிமுத்து மோட்டுவளையைப் பார்த்தார்.

"இங்கிருந்து சென்றவற்றின் பதிவும் உள்ளது," என்றது செப்பனி. "பதினாறாயிரத்து முந்நூறு. பொத்தானின்மேல் மகரந்தப் பொடி காணப்படுகிறது. ஆனால் அவற்றில் ஏழாயிரம் அழுத்தல்களில் பம்பு மசகும் காணப்படுகிறது."

அமலோற்பவம் விரல் நுனிகளை மடியில் துடைத்துக்கொண்டாள்.

வடிகட்டி அவ்வளவு 'இருக்கியா'வையும் பதில் போகவிடாமல் ஒதுக்கித் தள்ளிய பிறகு, அடியில் ஒரே ஒரு செய்தி மிச்சம் இருந்தது. அன்று அனுப்பியது. அமலோற்பவம் திறந்தாள். பிரகாசி முழுதாகப் பேசினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அம்மா, அப்பா, என் கணினியும் உறைஞ்சு உறைஞ்சு எழும்புது. அதனால நிலையத்துப் பெரிய கணினியில இருந்து பேசறேன். ஒன்றரை மாசமா ஒங்ககிட்டயிருந்து ஒரு வார்த்தை வரல. எனக்கு இங்க இன்னும் ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக் குடுக்கறாங்க. துளைப்புப் பிரிவுக்கே தலைவியாப் போடறாங்களாம். ஒங்க நேரப்படி இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். ஏழு மணிக்குத்தான் செவ்வாய்க்குக் கப்பலும் கெளம்புது. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா கையெழுத்துப் போட்டுருவேன். வரலன்னா நான் கப்பல் ஏறிருவேன். பதினாலு மாசம் உறைதுயில். அவ்வளவுதான். இந்தக் கணினி முன்னாலதான் உக்காந்திருக்கேன்."

சவரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. ஒரு வழிக்கு நாற்பத்து மூன்று நிமிடம். ஆறு பதினேழுக்குள் அனுப்பினால் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கணினி ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாகப் பளிங்குபோல ஓடிக்கொண்டிருந்தது. வழி திறந்திருந்தது.

"தலைவியாப் போடறாங்களாமே," என்றார்.

"கேட்டேன்."

"பெரிய பதவி."

"பெரிய பதவிதான்."

"நல்லா இருக்கோம்னு சொல்லிரு அமலி. பிள்ளை பாதையில நாம எதுக்குக் குறுக்க?"

அமலோற்பவம் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். 'நல்லா' என்று அடித்தாள். நிறுத்தினாள். செய்தியை மறுபடி ஓடவிட்டு, பாதியில் நிறுத்தி, திரைக்கு அருகில் போய்ப் பார்த்தாள்.

"இங்க வாங்க. அவ தலையப் பாருங்க."

பிரகாசி தலையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். காதுக்கு மேலே துணி விலகியிருந்த இடத்தில் முடி இல்லை. வழுவழுவென்று இருந்தது. உறைதுயில் பேழைக்குள் போகிறவர்கள் முதல் நாளே தலையை மழித்துக்கொள்ள வேண்டும். அது விதி. பிள்ளைப் பருவத்திலிருந்தே தலைமுடியில் யாரையும் கைவைக்க விடாதவள் அவள்.

"கையெழுத்துப் போடணும்னு நெனைக்கறவ மொட்டை போடுவாளா?" என்றாள் அமலோற்பவம்.

சவரிமுத்து இன்னும் கிட்டே குனிந்தார். மஞ்சள் விரல்களால் திரையில் அந்த வழுவழுப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

ஆறு மணி ஆயிற்று. ஆறு பத்து ஆயிற்று. பதினாறாயிரம் தடவை அழுத்திய இரண்டு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். 'நல்லா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சுட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆறு பதினாறுக்கு அமலோற்பவம் கையை நீட்டினாள். சவரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அலைவாங்கியின் கம்பியைப் பிடுங்கினாள்.

மூலையில் நின்றிருந்த செப்பனி தொண்டையைச் செருமுவதுபோல ஒரு ஒலி எழுப்பியது. "அம்மா, நாற்பத்தைந்தாம் நாள் அறிக்கையை நான் இப்போது அனுப்ப வேண்டும். 'கோளாறு நீங்கியது, கணினி சிறந்தது' என்று பதிவிடலாமா? தங்கள் கட்டுமானத்தைப் பாராட்டி ஒரு வரி சேர்க்கவும் எனக்கு அனுமதி உண்டு."

ஒன்றரை மாதமாக அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் போராடியிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "இந்தக் கணினி சுத்த மோசம்னு எழுது. இன்னிக்கும் உறைஞ்சுபோச்சு. பொண்ணு பேசுனது ஒண்ணும் எங்க காதுல விழல. அவ வந்து கேட்டாலும் இதுதான் பதில்."

"கணினி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதே அம்மா."

"நீ சொல்றத எழுதணுமா, நான் சொல்றத எழுதணுமா?"

"உரிமையாளர் சொல்வதை அப்படியே எழுதுவதுதான் விதி," என்று செப்பனி ஒப்புக்கொண்டது. "அப்படியானால் இதை நான் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். திங்கட்கிழமை ஆணையத்தின் பெட்டி வரும்."

"எடுத்துட்டுப் போ." அவளே முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தாள். ஒரு கணம் பம்பு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்துவிட்டுத் திருகத் தொடங்கினாள்.

"ஒரு கட்டம் காலியாக உள்ளது அம்மா. பழுதுக்குக் காரணம்?"

அமலோற்பவம் கணவரைப் பார்த்தாள். சவரிமுத்து சட்டென்று, யோசிக்காமலேயே சொன்னார்:

"டவர் இல்லன்னு போடு."

செப்பனி தன் அகராதியில் தேடியது; கிடைக்கவில்லை. டவர் என்றால் என்னவென்று சவரிமுத்துவுக்கும் தெரியாது. செவ்வாயில் யாருக்குமே தெரியாது. பூமியில் என்றைக்கோ இருந்த ஏதோ ஒன்று. அது இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் அவர் அப்பாவுக்கும், அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருந்தது.

செப்பனி அப்படியே எழுதிக்கொண்டது.