பூஜ்ய நிமிஷத்துப் பாட்டில்

டெலிபோன் அலறியது!

தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் அதை எடுக்க அவன் ஒருவன்தான் இருந்தான். எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க அத்தான் ரூம்ல இருந்த கூஜாத் தண்ணி ரிப்போர்ட் வந்தாச்சு."

"எ... என்ன சார் சொல்லுது?"

"சுத்தம்! கைக்குழந்தைக்கே குடுக்கலாமாம்!"

அப்பாடா!

மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தான்.

"ஆனா உங்க அத்தான் வயித்துல பூச்சிமருந்து இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அவர் வாய்க்குள்ள போனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, கூஜாத் தண்ணி. இன்னொண்ணு, உங்க அக்கா குடுத்துவிட்ட டப்பா சாப்பாடு."

"சார்...!"

"தண்ணி தப்பிச்சிடுச்சு. அக்கா மாட்டிக்கிட்டாங்க. நீங்க திருப்பிக் கொண்டு குடுத்த டப்பாவைத் தேய்ச்சுக் கழுவி வேற வெச்சிருக்காங்க. இப்பத்தான் அரெஸ்ட் பண்ணினோம். வாயே திறக்க மாட்டேங்கறாங்க!"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

அக்காவா...? அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்ட அக்காவா...?

பாவி! என்ன செய்திருந்தான் தெரியுமா?

அத்தான்தான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அங்கே ஒரு வெள்ளைப் பொடி உண்டு. நானோ பொடி. மாவைவிட ஆயிரம் மடங்கு நைசு. அழுக்குத் தண்ணீரில் கலக்கி, ஊதா விளக்கைப் போட்டால் போதும். வெளிச்சம் பட்டதும் பொடிக்கு வெறி பிடிக்கும்! சாயமோ பூச்சிமருந்தோ, கண்டதுண்டமாக வெட்டி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

பொடியைச் செய்தது இவன். ஏழு வருஷ உழைப்பு. கண்டுபிடிப்பு உரிமைக்கு விண்ணப்பம் எழுதியது அத்தான். பேரை அவரே தட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று இவனாகவே முடிவு கட்டினான்.

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் வேறு ஈ, காக்கை கிடையாது. கூஜாவில் பூச்சிமருந்தைக் கலந்தான். அத்தான் குடித்தார். சாய்ந்தார்.

மிச்சத் தண்ணீரைக் கொட்ட வழியில்லை. அங்கே தொட்டியில் விழும் ஒவ்வொரு சொட்டும் கழிவு டிரம்மில் சேர்ந்து சோதனைக்குப் போகும். அதனால் பொடியைப் போட்டான். விளக்கைப் போட்டான். இரண்டு மணி நேரம்! விஷம் போன தண்ணீரை வடிகட்டிக் கூஜாவில் ஊற்றி வைத்துவிட்டு, அப்புறம்தான் "ஐயோ அத்தான்!" என்று கத்தினான்.

நன்றாகவே கத்தினான்.

தண்ணீரை நிரபராதி ஆக்கினான். அக்காவைக் கொலைகாரி ஆக்கிவிட்டான்!

ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"நான்தான் சார் கொலை பண்ணினேன்!"

இன்ஸ்பெக்டர் பல் குத்துவதை நிறுத்தவில்லை. "உக்காருங்க தம்பி."

"கூஜால நான்தான் விஷம் கலந்தேன்!"

"தண்ணிதான் சுத்தமாச்சே!"

"சுத்தம் பண்ணினதும் நான்தான்! பொடி போட்டு, விளக்கு போட்டு..."

"விளக்கு போட்டா பூச்சிமருந்து போயிடுமா? எங்க வீட்ல விளக்கு போட்டா பூச்சிதான் வருது!"

கான்ஸ்டபிள் குலுங்கிச் சிரித்தார்.

"சத்தியமா சார்!"

"பாசம் புரியுது தம்பி. இதே நாற்காலியில உக்காந்து நாலு தம்பிங்க அழுதாச்சு. நான்தான் பண்ணேன், என்னைப் பிடிச்சுக்கோன்னு... ஆதாரம் இருக்கா?"

ஆதாரம்! அதைத்தானே உட்கார்ந்து அழித்தான்!

தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்குச் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பொடி போட்டோம்... கலக்கினோம்... அப்புறம்...

துள்ளி எழுந்தான்.

"இருக்கு சார்! பூஜ்ய நிமிஷம்!"

"என்ன நிமிஷம்?"

"எந்தச் சோதனையா இருந்தாலும், விளக்கைப் போடறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில்ல கொஞ்சம் எடுத்து வெப்போம். அப்பத்தான் முன்னாடி எவ்வளவு விஷம், பின்னாடி எவ்வளவுன்னு தெரியும். வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற பொடி வேலையைக் காட்டிடும். அதனால அலுமினியத் தாள் சுத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சுடுவோம். அன்னைக்கும் எடுத்தேன் சார்!"

"கொலையை மறைக்கறப்பவுமா?"

"கைப்பழக்கம் சார். எடுத்ததே இப்பத்தான் ஞாபகம் வருது."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவன் இன்னொருவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போதும் பழக்கத்தை விடவில்லை!

மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் அலுமினியத் தாள் சுற்றிய சின்ன பாட்டில். ஒரு பக்கம் அவன். மறுபக்கம் அக்கா. நான்கு நாள் அழுத முகம். தம்பியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட் வந்தாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "சுத்தம்!"

"என்னது?!"

"பூச்சிமருந்து இல்லை. இந்தத் தண்ணியையும் கைக்குழந்தைக்குக் குடுக்கலாம்!"

"இருக்காது சார்! அதுல விஷம் இருந்தே ஆகணும்! அக்கா... நீயாவது சொல்லுக்கா, நீ பண்ணலைன்னு சொல்லுக்கா!"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவனுக்கு அழுகை பீறிட்டது. கொலைகூடச் சுலபமாக முடிந்தது. கொலைகாரன் என்று நிரூபிக்கத்தான் முடியவில்லையே!

"அழாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "உள்ள இருக்கற தண்ணியைத்தான் சோதனை பண்ணினாங்க. பாட்டிலை யாரும் படிக்கலை. நான் படிச்சேன்."

தாளைப் பிரித்தார். பாட்டிலின் மேல் ஒரு லேபிள்.

"'ஞாயிறு. காலை 10.40. கூஜாத் தண்ணீர், பூச்சிமருந்து கலந்தது. பூஜ்ய நிமிடம்.' கீழே கையெழுத்து. உங்களோடதுதானே தம்பி? எங்களுக்கு நீங்க போன் பண்ணினது ஒரு மணிக்கு!"

"ஆமா சார்... ஆமா!" இத்தனை சந்தோஷமாக யாரும் மாட்டிக்கொண்டதில்லை.

"இருங்க, முடியலை. அடியில இன்னொரு கையெழுத்து. 'திங்கள். மதியம் 12 முதல் 4 வரை. தாளை நீக்கி, ஜன்னல் வெயிலில்.' இது யாரோடதும்மா?"

அக்காவின் முகம் வெளுத்தது.

"என்னோடதுதான்," என்றாள்.

"அக்கா...!"

"அவர் மூக்குக்கண்ணாடியை எடுக்க லேபுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் நானும் அங்கதானே வேலை பார்த்தேன்? ஃபிரிட்ஜைத் திறந்தேன். தாள் சுத்தின பாட்டில். பிரிச்சு லேபிளைப் படிச்சேன். புரிஞ்சுடுச்சு."

"ஏன்க்கா வெயில்ல வெச்சே?"

"அவர் போயிட்டார். உன்னையும் தூக்குல பார்க்கணுமாடா?"

சொல்லிவிட்டு எழுந்தாள். பளார்! ஐந்து விரலும் அவன் கன்னத்தில் பதிந்தன.

"பேருக்காகத்தானேடா பண்ணினே? அந்த விண்ணப்பத்தை நான் பார்த்தேன்டா! முதல் பேரு உன்னோடது! தன் பேரே வேண்டாம்னு அடிச்சிருந்தார்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா!"

அவன் தரையில் சரிந்தான். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவனுக்கு அடியைவிட வலித்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு மட்டும் புரியலைம்மா. விஷத்தை அழிச்சீங்க. லேபிளைக் கிழிச்சிருக்கலாமே?"

"லேபிளைக் கிழிக்கறதா?" அந்த அழுகையிலும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாட்டிலைத் தொட்டவங்க என்ன செஞ்சாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். கிழிக்கறவங்களுக்கு லேப்ல இடமில்லைன்னு அவர் சொல்வார். யார் கிழிப்பாங்க?"

"யாரும் கிழிக்க மாட்டோம் சார்," என்றான் தம்பி, தரையிலிருந்தே.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"கொன்னவரும் கையெழுத்துப் போட்டாச்சு... மறைச்சவங்களும் போட்டாச்சு... சாட்சிக் கையெழுத்துதான் பாக்கி. பேனா இருக்காய்யா?"